எஸ்டேட்டில் இல்லாத அருவி

எனக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எஸ்டேட் துரை. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆபீஸ் சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் என்னை நிற்கவைத்து, "பல்லு கொஞ்சம் தெரியணும், முழுசா தெரியக்கூடாது. முழுசா தெரிஞ்சா கஸ்டமர் பயந்துருவான்" என்று ஒரு காலை முழுக்கப் பாடம் நடத்தினார். கன்னம் வலிக்கச் சிரித்துவிட்டு லயத்துக்கு வந்தபோது, "என்னாடி மூஞ்சி கோணிக் கெடக்கு?" என்று அம்மா கேட்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் எங்கள் லயம் இருந்தது. தொழிலாளர் குடும்பங்களுக்காக வரிசையாகக் கட்டிய தகரக்கூரை வீடுகள். அம்மா கொழுந்து பறித்தாள். நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்துவிட்டு, ஃபாக்டரியில் காய்ந்த தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் தேயிலைத் தூள் இருக்கும். தும்மினால் ஒரு டீ போடலாம் என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் எஸ்டேட்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பட்டம் மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. இவர் பினாங்கில் ஒரு கடற்கரை ஓட்டலை நிர்வாகம் செய்துவிட்டு வந்த தமிழர். மலையில் கடல் இல்லையே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. வந்த சில மாதத்திலேயே, ஃபாக்டரிக்குப் பக்கத்தில், சரிவின் விளிம்பில், மரக்கால்கள் மேல் ஒரு கொட்டகை கட்டினார். மூன்று பக்கமும் திறப்பு. நீளமான பெஞ்சுகள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து, நம்முடைய தேயிலையைக் குடித்துக்கொண்டே நம்முடைய தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். இங்கிலீஷ் கொஞ்சம், மலாய் கொஞ்சம், தமிழ் நிறைய வைத்திருந்த என்னைக் காம்பு பொறுக்கும் மேசையிலிருந்து எழுப்பிக் கவுண்டரில் நிற்கவைத்தார்.

சிரிப்புக்கு அடுத்த பாடம் ஒரே ஒரு விதி. கஸ்டமரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. தமிழில் 'இல்லை', இங்கிலீஷில் 'நோ', மலாயில் 'தாடா', இந்த மூன்றும் கவுண்டருக்குள் நுழையவே கூடாது.

"இல்லாதத எதுக்குச் சொல்ற? இருக்கறதச் சொல்லு" என்றார்.

ஒத்திகை பார்க்கக் கிராணியைக் கூப்பிட்டார். கிராணி எங்கள் எஸ்டேட் குமாஸ்தா. மெலிந்த, கோபக்கார மனிதர். அவர்தான் கஸ்டமர்.

"தோசை இருக்கா?" என்றார் கிராணி.

"இல்லீங்க ஐயா."

துரை மேசையைத் தட்டினார். "மறுபடி."

"தோசை இருக்கா?"

"கறிபாப் சூடா இருக்குங்க."

"எனக்கு கறிபாப் வேணாம். தோசைதான் வேணும்." கிராணி வேஷத்துக்குள் இறங்கிவிட்டார்.

"உள்ள உருளைக்கெழங்கு மசாலா வச்ச கறிபாப்புங்க. இப்பதான் பொரிச்சாங்க."

"கீழ தாப்பாவுலேருந்து இவ்வளவு வளைவும் சுத்தி வந்திருக்கேன் லா! ஒரு தோசை கெடையாதா இந்த மலையில?"

அந்த வருடத்தில் கிராணி ரிங்லெட்டைத் தாண்டிப் போனதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. "உக்காருங்க ஐயா. மொதல்ல ஒரு டீ குடிங்க" என்றேன். அவர் களைத்துப்போனவராக உட்கார்ந்து, டீயை வாங்கிக் குடித்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துரை கைதட்டினார். வேலை எனக்கு உறுதியானது.

உண்மையான கஸ்டமர்கள் கிராணியைவிடச் சாதுவானவர்கள். தாப்பாவிலிருந்து மேலே வரும் பாதை அவர்களை ஏற்கனவே ஒரு வழி பண்ணியிருக்கும். காரைவிட்டு இறங்கும்போது குழந்தைகளின் முகம் பச்சையாக இருக்கும். அப்பாக்கள் வானத்தைப் பார்த்து மூச்சு வாங்குவார்கள். அம்மாக்கள் பிளாஸ்டிக் பையை எங்கே போடுவது என்று ஜாடையால் கேட்பார்கள். நான் ஜாடையால் காட்டுவேன். அதெல்லாம் எளிது. கஷ்டம் பனிமூட்டத்தால் வந்தது.

மதியத்துக்கு மேல் பல நாட்களில் மேகம் இறங்கிச் சரிவையே மூடிவிடும். கொட்டகையின் மூன்று பக்கமும் வெள்ளைத் துணி கட்டினதுபோல் ஆகிவிடும். கஸ்டமர்கள் டீக் கிளாசைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

"என்னா மிஸ், ஒண்ணுமே தெரியலியே? தோட்டம் எங்க?"

ஒன்றும் தெரியவில்லை என்று அவர்களே சொன்ன பிறகு நான் என்ன சொல்வது? இருக்கிறதைச் சொல்லத் தொடங்கினேன். "இந்தப் பக்கம் சரிவு முழுக்கத் தேயிலைங்க. அந்த மூலையில எங்க லயம். மேல கோயில் தெரியும், மஞ்சக் கலரு. நேர் எதிர்ல ஒரு பெரிய கரும்பாறை, யானை படுத்திருக்கற மாதிரி." விரலை நீட்டி நீட்டிக் காட்டுவேன். அவர்கள் கண்ணைச் சுருக்கி அந்த வெள்ளைக்குள் பார்த்துத் தலையாட்டுவார்கள். தைப்பிங்கிலிருந்து வந்த ஓர் அம்மா, பாறை தனக்கு நன்றாகத் தெரிகிறது என்று சொல்லித் தன் புருஷனுக்கும் காட்டினாள். அவருக்குத் தெரியவில்லை. அவருடைய மூக்குக் கண்ணாடிதான் சரியில்லை என்று திட்டினாள்.

அந்த நாட்களில் ஒன்றைப் புரிந்துகொண்டேன். இவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தோட்டம் தெரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் போதும்.

அப்படி ஒரு பனி நாளில்தான் ஈப்போ நகரத்துக்காரர் ஒருவர் வந்தார். கழுத்தில் பெரிய கேமரா. மனைவி, மைத்துனர்கள், பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். நான் வழக்கம்போல விரலை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"சத்தம் போடாதீங்க. கேக்குதா?"

எல்லாரும் கேட்டார்கள். பனிக்குள்ளிருந்து "ஹோ" என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. ஃபாக்டரி மாடியில் பச்சை இலையை வாட்டுவதற்காக ஓடும் ராட்சசக் காற்றாடிகளின் சத்தம். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்ததால், அப்படி ஒரு சத்தம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"அருவிதான?" என்றார். முகம் பூரா ஒளி. "மிஸ், இங்க அருவி இருக்குதான?"

பிள்ளைகள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். கொட்டகையின் மறுகோடியில் துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் நல்லாக் கேக்குதுங்களா?" என்றேன்.

"சூப்பரா கேக்குது!"

"குளுருக்கு இன்னொரு டீ தரட்டுங்களா?"

அவ்வளவுதான் நான் பேசியது. அவர் அந்த வெள்ளையை நோக்கிக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டார். அடுக்களையில் கறிபாப் பொரித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்து, "ஏன்டி, அந்தாளு எதைப் போட்டோ புடிச்சாரு?" என்றாள். "அருவியத்தான்க்கா" என்றேன். எண்ணெய்க் கரண்டியோடு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. ஈப்போக்காரர் ஊரில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்தடுத்த வாரங்களில் வருகிறவர்கள் வண்டியைவிட்டு இறங்கியதுமே அருவி எங்கே என்றார்கள். மலாய்க் குடும்பங்கள் "ஆயிர் தெர்ஜூன் அடா?" என்றார்கள். மலாயில் 'ஆயிர் தெர்ஜூன்' என்றால் அருவி, 'அடா' என்றால் இருக்கிறது. கேள்வியாகக் கேட்டாலும் அடா, பதிலாகச் சொன்னாலும் அடா. தமிழ்க் காதுக்கு யாரோ அதட்டுகிற மாதிரியே இருக்கும். பனி நாட்களில் சத்தத்தைக் காட்டிச் சமாளித்தேன். வெயில் நாட்களில் என்ன செய்வது? சரிவு முழுக்கப் பளிச்சென்று தெரியும். யானைப் பாறை தெரியும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. "நேத்து ரொம்ப அழகா இருந்துச்சுங்க, இந்தத் தேயிலை" என்று பேச்சை மாற்றுவேன். அவர்கள் பாறையையே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு, ஏதோ நேரம் சரியில்லை என்று போய்விடுவார்கள்.

பிறகு ஒரு நாள் துரையிடமிருந்து ஆள் வந்தது. ஆபீசுக்குப் போனேன். துரை டெலிபோனுக்குப் பக்கத்தில், யாரோ தலையில் தட்டினதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"ஈப்போவுலேருந்து ஒருத்தர் பேசினாரு. அடுத்த மாசம் அவரோட பேட்மிண்டன் கிளப் பூரா பஸ்ல கூட்டிட்டு வர்றாராம். நம்ம அருவியப் பாக்க." டெலிபோனைப் பார்த்தார். "நம்மகிட்ட அருவி இருக்கா?"

நான் யோசித்தேன். துரை கஸ்டமர் அல்ல. ஆகவே சொல்லலாம்.

"இல்லீங்க தொரை."

கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க அவருகிட்ட என்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வாங்க, ரொம்ப சந்தோசம்னு சொன்னேன்" என்றார் துரை. "வேற என்னா சொல்ல முடியும்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த விதியை அவர் எங்களுக்காகப் போடவில்லை. அவர் வாழ்ந்ததே அப்படித்தான். அவராலும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

மறுநாள் தண்ணிக்காரரைக் கூட்டிக்கொண்டு துரை மலை ஏறினார். தண்ணிக்காரர் எங்கள் அடுக்களை அக்காவின் புருஷன். மலைமேல் ஓடையை மறித்துக் கட்டிய தொட்டியிலிருந்து லயத்துக்கு வரும் பைப்பைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. தொட்டி, யானைப் பாறைக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஒரு வளைந்த பைப்பு, ஒரு வால்வு, நாலு மூட்டை சிமெண்ட். அந்த வார முடிவில் தண்ணிக்காரர் மேலிருந்து துண்டை வீசிக்காட்டினார். கீழே கொட்டகையிலிருந்து துரை கைக்குட்டையை வீசினார்.

அருவி விழுந்தது.

குறை சொல்ல முடியாது, அழகாகவே இருந்தது. கரும்பாறையின் முதுகில் வெள்ளையாக இறங்கி, இடையில் ஒரு முறை உடைந்து, கீழே புதருக்குள் மறைந்தது. வெயிலில் ஒரு துண்டு வானவில்கூட வந்தது. அக்கா எண்ணெயை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்து நின்றாள். "எம் புருசனுக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றாள். துரையின் கண் கலங்கியிருந்தது. பினாங்கு கடலையே தூக்கி வந்து மலையில் ஊற்றினதுபோல் நின்றார்.

ஒத்திகைக்காக மறுநாளும் திறந்தார்கள். அன்று வந்த கஸ்டமர்கள் கைதட்டினார்கள். பிறகு ஒத்திகை தினமும் நடந்தது. காலையில் முதல் கார் வந்ததும் அருவி தொடங்கும், கடைசிக் கார் போனதும் நின்றுவிடும். கறிபாப் இரண்டு மடங்கு விற்றது. இத்தனை வாரமாகத் தட்டிக்கழித்த கேள்விக்கு நான் நிமிர்ந்து நின்று "அடா" என்று பதில் சொன்னேன்.

கஷ்டம் லயத்தில் தொடங்கியது. பாறையில் விழுந்த தண்ணீர் முழுக்க லயத்துத் தண்ணீர். பகலெல்லாம் தொட்டி அருவிக்குக் கொடுத்துவிட்டுக் காலியாக நிற்கும். பொழுது சாய்ந்து பெண்கள் கொழுந்துக் கறையோடு, அட்டை கடித்த கால்களோடு வந்து குழாயைத் திறந்தால், அது இருமும். ஒரு கிளாஸ் செம்மண் தண்ணீரைத் துப்பிவிட்டு நின்றுவிடும். அம்மா குழாய்க்கு முன்னால் இடுப்பில் கையை வைத்து நிற்பாள்.

"கஸ்டமருக்கு அருவி காட்டுற. பெத்தவளுக்கு மொகங் கழுவத் தண்ணி இல்ல."

"நா என்னாம்மா செய்வேன்?"

"சிரி. அதுக்குத்தான சம்பளம்."

லயத்துப் பெண்கள் கிராணியிடம் போனார்கள். கிராணி தன் பேனா மூடியால் கவுண்டரைக் காட்டி, "கம்ப்ளெயிண்ட் எல்லாம் இப்ப அங்கதான்" என்றார். கவுண்டருக்கு வந்தார்கள். அவர்கள் எல்லாரும் எனக்கு அக்கா, சித்தி, அத்தை. கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சத்தம் கேட்டுத் துரை வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "இது கஸ்டமருங்களுக்கு உள்ள கவுண்டரும்மா. உங்க விசயத்த நாம தனியாப் பேசுவோம்." பேசவில்லை. ஈப்போ பஸ் வரும் ஞாயிற்றுக்கிழமைக்காக அவர் பெஞ்சுகளுக்கு வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் அம்மா என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள். "கஸ்டமருன்னா யாரு?"

"கடைக்கு வந்து ஏதாச்சும் வாங்குறவங்க."

"டீ வாங்குனா?"

"டீ வாங்குனாலும் கஸ்டமர்தான்."

"யாரு வாங்குனாலுமா?"

"யாரு வாங்குனாலும்."

அம்மா தலையாட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நான் ஏதோ என் வேலையில் அவளுக்கு அக்கறை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. பஸ் வந்தது. ஈப்போக்காரர் முதலில் இறங்கினார். பேட்மிண்டன் கிளப் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், அவர்கள் மனைவிமார் கம்பளிச் சட்டையில். பாறையைப் பார்த்ததும் ஈப்போக்காரர் இரண்டு கையையும் விரித்தார்.

"சொன்னேன்ல? அன்னிக்குச் சத்தத்த வச்சே கண்டுபுடிச்சேன்!"

கிளப் ஆட்கள் அவர் முதுகில் தட்டினார்கள். துரை டை கட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டுத் தகப்பனைப்போல் நின்றார். அருவியைப் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கக் கிளப் முழுக்க வரிசையில் நின்றது.

அப்போது லயத்திலிருந்து வரும் பாதையில் பெண்கள் வந்தார்கள். அம்மா முன்னால். தீபாவளிக்குக் கட்டும் சேலைகளில் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் காலி வாளி. கொட்டகைக்குள் ஏறி, புதுச் சாயம் அடித்த பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்து, வாளிகளைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள்.

அம்மா கவுண்டரைப் பார்த்து விரலை உயர்த்தினாள். "மிஸ்ஸு!"

என் அம்மா என்னை மிஸ் என்று கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான். நான் கவுண்டரைவிட்டு வெளியே வந்தேன். கற்றுக்கொடுத்தபடியே பல் கொஞ்சம் தெரியச் சிரித்தேன்.

"வாங்கம்மா. என்னா வேணுங்க?"

"எல்லாருக்கும் டீ."

அக்கா உள்ளேயிருந்து டீயைத் தட்டுத் தட்டாக அனுப்பினாள். அவளும் லயத்துக்காரிதானே, அன்று கைவேகம் அதிகமாகவே இருந்தது. பெண்கள் குடித்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார்கள். அம்மா கிளாசைக் கீழே வைத்தாள்.

"மிஸ்ஸு, தண்ணி இருக்கா?"

"குடிக்கங்களா?"

"குடிக்க, குளிக்க, தொவைக்க, ஒலை வைக்க." காலால் வாளியை மெல்ல முன்னுக்குத் தள்ளினாள். "இருக்கா, இல்லியா?"

பாறையில் தண்ணீர் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. நான் துரையைப் பார்த்தேன்.

"தொரை, கஸ்டமருங்க தண்ணி கேக்குறாங்க."

அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார். அருவியைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், காலியான டீக் கிளாஸ்களைப் பார்த்தார். டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, "இருக்கும்மா" என்றார். பிறகு கொட்டகை விளிம்புக்குப் போய், சட்டைப் பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, மலையை நோக்கி வீசினார்.

மேலே தண்ணிக்காரர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். அருவி மெலிந்தது. ஒரு கயிறாயிற்று, நூலாயிற்று, பிறகு நின்றுவிட்டது. யானைப் பாறை ஈரமாக, ஒன்றும் நடக்காததுபோல் படுத்திருந்தது. கிளப் ஆட்கள் படத்துக்குச் சிரித்த சிரிப்பு மாறாமல் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கைதட்டினார். காட்சி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களும் தட்டினார்கள்.

ஈப்போக்காரர் மட்டும் தட்டவில்லை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னா மிஸ், நின்னுபோச்சு?"

"ஆமாங்க."

"திரும்ப வருமா?"

என் பின்னால் பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள். துரை காதில் விழும் தூரத்தில்தான் இருந்தார்.

"வராதுங்க. அருவி இல்லீங்க. அது லயத்துத் தண்ணி."

வானம் இடிந்து விழவில்லை. அவர் கத்தவும் இல்லை. பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு நா கேட்ட சத்தம்?"

"ஃபாக்டரி காத்தாடிங்க. எல வாட்டுறது."

"எங்க இருக்கு?"

"மேல் மாடியில."

"பாக்கலாமா?"

இதற்கு விதி ஒன்றும் கிடையாது. துரையைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையசைத்தார். பேட்மிண்டன் கிளப் முழுவதையும் நான் ஃபாக்டரிப் படிக்கட்டில் ஏற்றினேன். மாடிக் கதவைத் திறந்ததும் பச்சை இலை வாசனையோடு காற்று அடித்தது. ஆள் உயரக் காற்றாடிகள். வெள்ளைச் சட்டைகள் உப்பின. பெண்களின் கொண்டை அவிழ்ந்தது. ஒருத்தர் தொப்பி பறந்து இலைமேல் போய் விழுந்தது. பேசினால் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஈப்போக்காரர் காற்றாடிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்து நின்றார். பெரிய பிள்ளை மாதிரி இருந்தார். வெளியே வந்து முடியைக் கோதிக்கொண்டே, "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மிஸ்? இது நல்லாருக்கே லா" என்றார்.

மறு வாரமே வளைந்த பைப்பைக் கழற்றிவிட்டார்கள். அருவி கேட்டு வந்தவர்களிடம் "இல்லீங்க, காத்தாடி இருக்கு" என்றேன். கொஞ்சப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். பெரும்பாலானவர்கள் "அப்படியா, எங்க?" என்றார்கள். இல்லை என்ற வார்த்தைக்கு மனிதர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அதைச் சொல்லாமல் சுற்றி வளைக்கும்போதுதான், இருக்காதோ, இருக்குமோ என்று தவித்துப்போகிறார்கள். எண்பதுகளில் எஸ்டேட்டில் பெரிய கடை வந்தது, யூனிஃபாரம் வந்தது, என் கீழே வேலை செய்ய ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாந்திப் பையை எங்கே போடுவது என்று முதலில் காட்டிவைத்தேன்.

துரை அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் போன பிறகு, லயத்துக்குப் போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தானே திறந்து பார்த்தார். அம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கஸ்டமரை விசாரிக்கும் ஓட்டல் பழக்கம் துரையை விடவில்லை.

"டீ எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அம்மா சோப்பு நுரையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "சுமார்தான் தொரை. தூள் பத்தல. இஞ்சியே போடல. பால் ஆறிப் போயிருந்துச்சு. கிளாசுல சாய வாசன."

துரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அம்மா அதோடு விடவில்லை. அதற்கப்புறம் அவள் அந்தக் கடைப் பக்கம் காலே வைக்கவில்லை. ஆனால் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த ஒரு கிளாஸ் டீயைப் பற்றிப் புதிதாக ஒரு குறை அவளுக்கு ஞாபகம் வரும். நான் அதை மறுநாள் அடுக்களை அக்காவிடம் சொல்வேன். "ஒங்கம்மாவ வந்து அவங்களே போட்டுக் குடிக்கச் சொல்லு" என்று அக்கா மாவைப் பிசைந்துகொண்டே சொல்வாள். இரண்டு பேரும் லயத்தில் அடுத்தடுத்த வீடு.